உடம்பெல்லாம் வலி, ரிப்போர்ட் எல்லாம் நார்மல்

சிறு நகரம் ஒன்றில் பொது மருத்துவராகப் பல ஆண்டுகளாகப் புறநோயாளிகளைப் பார்த்துவருகிறேன். எங்கள் தொழிலில் நானும் சேர்ந்து செய்துவந்த ஒரு தவற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். மஞ்சள் பை நிறைய ஸ்கேன் படங்களும் ரத்தப் பரிசோதனைத் தாள்களுமாக வந்து அமரும் நாற்பது வயதுப் பெண்மணியிடம், அத்தனையையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல்தாம்மா, உங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்று சொல்லி அனுப்புவதுதான் அது. ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறோம். கேட்பவருக்கோ, இரண்டு வருடமாக வலி வலி என்று சொன்னதெல்லாம் பொய் என்று டாக்டரே எழுதிக் கொடுத்தது போல் ஆகிவிடுகிறது.

அப்படி நான் அனுப்பிவைத்த ஒருவர் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) ஓராண்டு கழித்து மறுபடி வந்தார். இடையில் கழுத்துக்கும் இடுப்புக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தார்கள், அந்த வயதில் வலியே இல்லாத பலருக்கும் தெரியக்கூடிய லேசான டிஸ்க் தேய்மானத்தைக் காரணம் காட்டிக் கழுத்துப்பட்டையும் மாட்டிவிட்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, பெயரில்லாமல் பொட்டலம் கட்டித் தரும் செட் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியிருந்தார். அதில் ஸ்டீராய்டு இருந்திருக்க வேண்டும் என்பதை உப்பியிருந்த முகமே காட்டிக்கொடுத்தது. "ராத்திரி முழுக்கத் தூங்கினாலும் காலையில அடிச்சுப் போட்ட மாதிரிதான் சார் எந்திரிக்கிறேன்" என்றார். முதல் முறை வந்தபோதும் இதையேதான் சொன்னாராம். அன்றைக்கு நான் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் அகப்படாமல் உடம்பு முழுக்க வலிக்கும் நோய்க்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர். அந்த ஒரு வாக்கியத்தில் அதன் பாதி இருக்கிறது. ஆரோக்கியமானவர்களின் ஆழ்ந்த உறக்கத்தைச் சில இரவுகள் தொடர்ந்து கலைத்தாலே அவர்களுக்கும் உடல்வலியும் தொட்டால் நோகும் தன்மையும் வருவதை, கனடாவில் ஹார்வி மோல்டோஃப்ஸ்கி குழுவினர் 1975லேயே காட்டிவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு மேலாக உடலின் பல பகுதிகளில் வலி, தூங்கியும் தீராத அசதி, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகும் அளவுக்கு மந்தம் ஆகிய மூன்றையும் வாய்விட்டுக் கேட்டாலே நோய் பிடிபடத் தொடங்கிவிடும். அமெரிக்க வாதநோயியல் கழகம் 1990இல் வகுத்த அளவுகோலின்படி, உடலில் குறிப்பிட்ட 18 புள்ளிகளை ஏறத்தாழ 4 கிலோ அழுத்தத்தில் அழுத்தும்போது 11 இடங்களிலாவது வலிக்க வேண்டும். 2010இல் அந்தப் புள்ளிக் கணக்கைக் கைவிட்டு, 19 பகுதிகளில் எத்தனையில் வலி இருக்கிறது, அசதியும் தூக்கமும் நினைவும் எந்த அளவுக்குக் கெட்டிருக்கின்றன என்று மதிப்பெண் போடும் முறைக்கு மாறினார்கள். வேறு நோய் இருந்தாலும் இந்த நோயும் கூடவே இருக்கலாம் என்பதை 2016 திருத்தம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே மற்ற நோய்கள் எதுவும் அகப்படாத பிறகு மிச்சத்துக்கு வைக்கும் பெயராக இதை நடத்துவதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

அதற்காகப் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. ரத்த அணுக்கள், உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., தைராய்டு, தேவைப்பட்டால் கால்சியமும் வைட்டமின் டியும் பார்த்தால் பெரும்பாலும் போதும். மூட்டு வீக்கமோ தோல் தடிப்போ இல்லாதவருக்கு, உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்களைத் தேடும் ஏ.என்.ஏ. சோதனையை எழுதிக் கொடுத்தால், நோயே இல்லாதவர்களிலும் சிலருக்குப் பாசிட்டிவ் வரும் சோதனை அது என்பதால், வலியோடு, அத்தகைய நோய்களில் ஒன்றான லூபஸ் பற்றிய பயத்தையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்புகிறோம். காய்ச்சல், எடைக்குறைவு, உண்மையான தசை பலவீனம், ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் காலைநேர இறுக்கத்தோடு மூட்டு வீக்கம், ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தொடங்கிய வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், அதன் காரணத்தைத் தேடிப் பார்க்காமல் ஃபைப்ரோமயால்ஜியா என்று எழுதப் பேனாவை எடுக்கக் கூடாது.

மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) மருந்து சாப்பிடுபவர்களிடம் ஃபைப்ரோமயால்ஜியா ஒளிந்திருக்கும்போது சிக்கல் வேறு மாதிரி. வலிக்கும் மூட்டுகளின் எண்ணிக்கையும் நோயாளி தாமே தரும் மதிப்பெண்ணும் அந்நோயின் தீவிரக் கணக்கில் சேர்வதால், வீக்கம் ஒன்றுகூட இல்லாமலே கணக்கு ஏறும். நாமும் விலை உயர்ந்த மருந்துகளுக்குத் தாவிவிடுவோம்.

அந்தப் பெண்மணியிடம் நோயின் பெயரைச் சொன்னதும், "அப்ப நான் நடிக்கலைன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க சார்" என்றார். வெளியே நின்றவரை அழைத்து, அவருடைய தோளின் மேற்புறத்தை என் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினேன். "ஒண்ணும் தெரியலையே சார்" என்றார். அதே இடத்தில் அதில் பாதி அழுத்தம் கொடுத்ததற்கே மனைவி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இது பழைய அளவுகோல்தான் என்றாலும் வீட்டாருக்குப் புரியவைக்க இன்றும் பயன்படுகிறது. 2002இல் ரிச்சர்ட் கிரேஸ்லி குழுவினர் செய்த மூளை ஸ்கேன் ஆய்விலும், மற்றவர்களுக்குத் தரும் அழுத்தத்தில் பாதியை ஒட்டிய அளவிலேயே இந்நோயாளிகளின் மூளையில் வலிப் பகுதிகள் அதே அளவு விழித்துக்கொண்டன. மழையில் ஈரம் இறங்கிய காலிங் பெல் ஆளில்லாமலே அடிக்குமே, அப்படித்தான் இவருடைய நரம்புகளும் என்று கணவரிடம் சொன்னேன். வாசலில் போய் ஆளைத் தேடுவதைப் போலத்தான் நாம் ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தோம்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, யூலார் என்ற ஐரோப்பிய வாதநோய் அமைப்பு 2016இல் திருத்திய பரிந்துரைகளில், வலுவான ஆதரவு பெற்றது உடற்பயிற்சி ஒன்றுதான். ஆனால் "நல்லா நடங்கம்மா" என்று சொல்வது சிகிச்சை ஆகாது. "நாள் பூரா வீட்டு வேலைதானே சார் செய்றேன், அது பத்தாதா?" என்ற கேள்வி உடனே வரும், அதற்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும். வலி குறைந்த நாளில் போர்வை எல்லாம் துவைத்து, மாவாட்டி, பரணையும் ஒழித்துவிட்டு, அடுத்த மூன்று நாள் எழ முடியாமல் கிடப்பதுதான் இவர்களில் பலருடைய வழக்கம். முதல் வாரம் மொட்டை மாடியில் ஐந்து நிமிடம், அடுத்த வாரம் ஏழு, வலி குறைந்தாலும் கூட்டக் கூடாது, கூடினாலும் நிறுத்தக் கூடாது என்று மருந்தைப் போலவே அளவு குறித்துச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன்.

மருந்துகளின் பலன் நடுத்தரமானதுதான். பிரீகாபலினுக்கு 2007லும் டுலாக்ஸெடினுக்கு 2008லும் அமெரிக்கா இந்நோய்க்கென ஒப்புதல் அளித்தது; ஐரோப்பிய மருந்து முகமை அளிக்கவில்லை. அந்த அளவு நம்பிக்கையோடுதான் நானும் எழுதுகிறேன். இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் பலருக்குத் தூக்கத்தைச் சீராக்குகிறது. வாய் உலரும், மலச்சிக்கல் வரும், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் யோசித்துத்தான் தர வேண்டும். எழுதும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: "மருந்துக்கடைத் தம்பி இது மனச்சோர்வு மாத்திரைன்னு சொல்வாரு, பயந்துடாதீங்க, இந்த அளவில் அதுக்குத் தரலை." இதைச் சொல்லாமல் விட்ட காலத்தில் பாதிப் பேர் இரண்டாம் நாளே நிறுத்தினார்கள். வழக்கமான வலி மாத்திரைகள் இந்த வலிக்கு உதவுவதில்லை, ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஸ்டீராய்டுக்கு இங்கே வேலையே இல்லை, ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டவருக்கு அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அந்தப் பெண்மணிக்கும் படிப்படியாகத்தான் குறைத்தேன்.

இத்தனையும் பேச முதல் நாள் இருபது நிமிடம் ஆகிறது. வெளியே நாற்பது டோக்கன் காத்திருக்கும்போது அது பெரிய நேரம்தான், நர்ஸ் இரண்டு முறை எட்டிப் பார்ப்பார். இப்போது நான் இப்படிப்பட்ட நோயாளிகளைப் புதன்கிழமை மாலை கடைசி டோக்கனாக வரச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண்மணிக்கு வலி போய்விடவில்லை. பத்துக்கு எட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இப்போது ஐந்து என்கிறார். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டார், மஞ்சள் பையும் வருவதில்லை. போன முறை எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, மூன்றாவது தெரு முனை வரை என்றார். அதற்கு மேல் போக உடம்பில் தெம்பு இருக்கிறதாம், அங்கே இருக்கும் நாய்தான் விடுவதில்லையாம்.