‘இந்தியத் தமிழர்’ என்றால் இந்தியப் பிரஜையா?

“பிறப்புச் சான்றிதழிலேயே இந்தியத் தமிழர் என்று இருக்கிறது. அப்படியானால் மலையக மக்கள் இந்தியப் பிரஜைகள்தானே?” என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. (மலையக மக்கள் என்பது ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட தமிழர்களின் வழிவந்தவர்களைக் குறிக்கும்.)

இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் விவரங்களோடு ‘இனம்’ என்றும் ஒரு கூடு உண்டு. அதில் எழுதப்படுவது இனம் மட்டுமே, குடியுரிமை அல்ல. குடிசன மதிப்பீட்டிலும் அப்படித்தான். அதே மனிதரின் கடவுச்சீட்டைத் திறந்து பாருங்கள்: நாட்டினம் ‘இலங்கையர்’ என்றே இருக்கும்.

குழப்பத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அது வேதனையானது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அப்புறம் 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். தேயிலை பறித்துக்கொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்க 2003இல் தனிச் சட்டமே வந்தது.

சரி, அவர்கள் தங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்? பலர் ‘மலையகத் தமிழர்’ என்கிறார்கள். சிலர் பத்திரத்தில் உள்ள பழைய பெயரையே வைத்திருக்கிறார்கள், சிலர் வெறுமனே ‘தமிழர்’ என்கிறார்கள். எதைச் சொன்னாலும் அவர்கள் இலங்கைக் குடிமக்கள். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள்.