பிரேக் சென்சர் வயரை இணைப்பது பழுது நீக்கமல்ல

பழைய போர்ஷ் பொக்ஸ்டர் காரில், பிரேக் பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற வட்டத் தகட்டை அழுத்தி வண்டியை நிறுத்தும் கட்டை) தேய்ந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தால், அந்தத் தேய்வை உணரும் சென்சரின் இரண்டு வயர்களையும் வெட்டி ஒன்றாக முறுக்கிவிட்டால் போதும் என்றும், மலைநாட்டில் கியரிலேயே இறங்குவதால் பேட் எளிதில் தேயாது என்றும் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். கீழ்க் கியரில் இறங்குவது நல்ல பழக்கம்தான். மற்றது ஆபத்தான ஆலோசனை.

1996 முதல் 2004 வரை வெளிவந்த போர்ஷ் 986 பொக்ஸ்டரில், பேட்டுக்குள் செருகப்பட்டிருக்கும் சென்சரின் நுனியில் ஒரு வயர் வளையம் உள்ளது. பேட் ஏறத்தாழ 2 மில்லிமீற்றராகத் தேயும்போது டிஸ்க் அந்நுனியை உரசி வளையத்தை அறுக்க, மின்சுற்று துண்டிக்கப்பட்டு விளக்கு எரிகிறது. வயர்களை முறுக்கிவிட்டால் சுற்று என்றென்றும் மூடியே இருக்கும். பேட் முழுவதும் தேய்ந்து அதன் இரும்புத் தகடு டிஸ்க்கை அராவினாலும் விளக்கு எரியாது. நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வளைவுகள் வழியே புசல்லாவைக்கு இறங்குகிறவருக்கு அதைவிடப் பொல்லாத மௌனம் வேறில்லை.

எனினும், விளக்கு எரிந்தாலே பேட் முடிந்துவிட்டது என்று பொருளல்ல. சென்சர் வயர் வேறெங்காவது உரசி அறுந்தாலும் அது எரியும். எந்தச் சக்கரம் என்றும் அது சொல்லாது. ஆகவே நான்கு சக்கரங்களையும் கழற்றி, உள்பக்கப் பேட், வெளிப்பக்கப் பேட் இரண்டின் தடிப்பையும் பார்க்க வேண்டும். நுனியின் பிளாஸ்டிக் மட்டும் சற்றுத் தேய்ந்து, உள்ளே வயர் வெளிப்படாதிருந்தால் அதே சென்சரைப் புதிய பேட்டுடன் பயன்படுத்தலாம். வயர் தெரிந்தால் மாற்றியே ஆகவேண்டும். புதியதைப் பொருத்தும்போது வயரை அதற்குரிய கிளிப்புகளில் மாட்டாமல் தொங்கவிட்டால், சக்கரம் திரும்புகையில் உரசி மீண்டும் அறும்.