ப்ரோலாக்கை மூன்றாவதாகப் போடுகிற ஆப்

ஓர் ஆல்பத்தின் முதல் தடத்துக்குப் பெயரே 'ப்ரோலாக்', அதாவது முன்னுரை. கடைசிப் பாட்டின் வாலில் 'எபிலாக்', அதாவது முடிவுரை இருக்கிறது. வரிசையாகக் கேளுங்கள் என்று சொல்ல ஓர் இசைக்குழு இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்? என் போனில் இருக்கும் பாட்டு ஆப் அதையும் கலைத்துப் போடுகிறது. முதலில் எபிலாக்கோடு முடிகிற அந்தக் கடைசிப் பாட்டு, அப்புறம் நடுப்பாட்டு ஒன்று, மூன்றாவதாக ப்ரோலாக். கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

மனில்லா ரோட் குழுவின் 'கிரிஸ்டல் லாஜிக்' பற்றிச் சொல்கிறேன். 1983இல் வந்தது. அமெரிக்காவில், கேன்சஸ் மாநிலத்தின் விசிட்டா என்ற ஊர்க்காரர்கள். மெட்டல் என்ற கனத்த ராக் இசை கொடிகட்டிப் பறந்த லாஸ் ஏஞ்சலஸுக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை. பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாததால் ரோட்ஸ்டர் ரெக்கார்ட்ஸ் என்று தாங்களே ஒரு லேபிள் வைத்து வெளியிட்டார்கள். கிட்டாரும் குரலும் மார்க் ஷெல்டன், பேஸ் ஸ்காட் பார்க், டிரம்ஸ் ரிக் ஃபிஷர். மூன்றே பேர். பழைய பாணி ஹெவி மெட்டலில் ஊறியவர்கள் இந்த ஆல்பத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். மற்றவர்களுக்குப் பெயர்கூடத் தெரியாது.

அந்த ப்ரோலாக்கில் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, கிடையாது. பேச்சுதான். ஏதோ வரப்போகிறது என்ற கலக்கத்தை மட்டும் உண்டாக்கிவிட்டு நின்றுவிடும். அடுத்த கணம் இரண்டாவது பாட்டு 'நெக்ரோபொலிஸ்' இறங்க வேண்டும். அந்த முதல் அடியின் பலமே முன்னால் காத்திருந்த நேரத்தில்தான் இருக்கிறது. இலவசக் கணக்கு வைத்திருந்தபோது சரியாக அந்த இடத்தில் ஒரு விளம்பரம் வந்தது. பால் பொங்கி வரும்போது அடுப்பை அணைத்த மாதிரி. சரி, பணம் கட்டினால் ஒழியும் என்று கட்டினேன். விளம்பரம் போனது. ஷஃபிள், அதாவது வரிசையைக் கலைத்துப் போடுகிற வேலை, போகவில்லை. ஆல்பம் பக்கத்தைத் திறந்தால் கண்ணில் படுகிற பெரிய பொத்தான் அதுதான். கை தானாக அதில்தான் போய் விழுகிறது. 2021இல் பாடகி அடெல் கேட்டுக்கொண்ட பிறகு ஸ்பாட்டிஃபை என்ற பாட்டு ஆப் ஆல்பம் பக்கத்தில் அந்தப் பொத்தானை வரிசையாக ஓடும்படி மாற்றியது. ஆக, மாற்ற முடியாத விஷயமே இல்லை இது. கேட்பதற்கு ஓர் அடெல் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். விசிட்டாக்காரர்களுக்காக யார் போய்க் கேட்பார்கள்?

ஒலி அளவிலும் கைவைக்கிறார்கள். எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவருகிற வசதி ஒன்று உண்டு. ஆல்பம் முழுவதையும் ஒன்றாக அளந்து செய்தால் பரவாயில்லை. பாட்டுக்குப் பாட்டு தனித்தனியாக அளந்தால் மெதுவாக இருக்க வேண்டிய பாட்டு தூக்கப்படும், அதிர வேண்டிய பாட்டு அமுக்கப்படும். அப்புறம் எங்கே இருக்கும் ஏற்றம்?

இதே ஆல்பத்தில் வரும் 'ஃபீலிங் ஃப்ரீ அகெய்ன்' அதன் இருண்ட மனநிலைக்குப் பொருந்தாத ரேடியோ பாட்டுதான், எனக்கும் அது பிடிக்காது. ஆனால் அதை அங்கே வைத்தது குழு. தாண்டிப் போவதா இல்லையா என்பது என் முடிவு. ஆப்புக்கு அதில் வேலை இல்லை.

ஆல்பத்தின் உச்சம் கடைசிப் பாட்டான 'ட்ரீம்ஸ் ஆஃப் எஸ்கடான்'. பத்து நிமிடப் பாட்டு. அமைதியான கிட்டாரில் தொடங்கும், ஷெல்டன் அந்த மூக்குக் குரலில் அவசரமே இல்லாமல் பாடுவார், பிறகு கனத்த ரிஃப் வந்து மூடும், அதற்கும் பிறகு நீண்ட சோலோ. இதற்கு முன்னால் 'தி வெயில்ஸ் ஆஃப் நெகட்டிவ் எக்ஸிஸ்டன்ஸ்' நம்மை நசுக்கியிருந்தால்தான் அந்த அமைதிக்கு அர்த்தம். ஆனால் ஸ்ட்ரீமிங் கணக்கில் 30 நொடி ஓடினால் ஒரு கேட்பு. பத்து நிமிடப் பாட்டும் ஒன்று, இரண்டு நிமிடப் பாட்டும் ஒன்று. ஆல்பம் என்ற முழு உருவத்துக்கு அங்கே விலையே இல்லை. அதனால்தான் அதைச் சில்லறையாக்கி இறைக்கிறார்கள்.

எல்லாவற்றையும் சரிசெய்து, வரிசையாகக் கேட்டு, எபிலாக் வரை வந்து சேர்ந்தாலும் விடமாட்டார்கள். மூச்சு விடுவதற்குள் 'உங்களுக்குப் பிடிக்கலாம்' என்று வேறு யாருடைய பாட்டோ தானாக ஓட ஆரம்பிக்கும். அதை நிறுத்தும் பொத்தானை செட்டிங்ஸுக்குள் தேடித் தேடி அணைத்தேன். அடுத்த அப்டேட்டில் திரும்ப வந்துவிட்டது. ஷெல்டன் 2018இல் இறந்துவிட்டார், வந்து சண்டை போட மாட்டார். அவர் எபிலாக் என்று பெயர் வைத்து முடித்த இடத்தில் வேறொன்றை ஒட்ட இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது?