அட்டை போட ஆள் இருக்கு, எடிட் பண்ண ஆள் இல்லை

"எத்தனை பக்கம் வரும்?"

நாவலை எழுதி முடித்துவிட்டேன் என்று சொன்னதும் அந்தப் பதிப்பாளர் கேட்ட முதல் கேள்வி இதுதான். அடுத்தது, "நீங்க எத்தனை காப்பி எடுத்துக்குவீங்க?" அதற்கடுத்து, "நவம்பர்ல ஃபைல் குடுத்துட்டீங்கன்னா புக் ஃபேருக்குக் கொண்டாந்துடலாம்." அவ்வளவுதான் பேச்சு. கதை எதைப் பற்றியது என்று கேட்கவில்லை. படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை. படிக்காமலேயே புத்தகம் போடச் சம்மதித்துவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். எனக்கோ வயிறு எரிந்தது.

இன்னொரு இடத்தில் கட்டண விவரத்தையே அனுப்பிவிட்டார்கள். அட்டை வடிவமைப்பு, புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன், இணையக் கடைகளில் ஏற்றுவது, விளம்பரப் படம் எல்லாம் சேர்த்து ஒரு தொகை. கூடுதலாகக் கொடுத்தால் 'எடிட்டிங்' உண்டாம். அது என்ன எடிட்டிங் என்று கேட்டேன். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை பார்த்துத் தருவார்களாம். அதற்குப் பெயர் மெய்ப்பு பார்ப்பது ஐயா! க், ச், த், ப் எங்கே மிகும், எங்கே மிகாது என்று சொல்ல 'வாணி' மாதிரி பிழைதிருத்தியே இன்று இருக்கிறது. எனக்கு வேண்டியது அது இல்லை.

எனக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறேன். என் நாவல் திருப்பூரில் நடக்கிறது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதே, அதற்கு முன்னும் பின்னுமாக ஒரு குடும்பம். அக்கா பனியன் கம்பெனியில் பேட்லாக் மெஷினில் தைக்கிற டைலர். தம்பி சாயப்பட்டறையில் வேலை பார்த்துவிட்டுத் திடீரென்று ஒரு நாள் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவன். நொய்யல் ஆற்றில் ஓடிய சாயத்தண்ணீரால் தென்னந்தோப்பு பட்டுப்போன ஒரு பெரியப்பா. மூன்று பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இந்தக் கதை யார் கண் வழியாக நடக்க வேண்டும்? மூன்று பேருக்கும் மாறி மாறி அத்தியாயம் கொடுத்திருக்கிறேன். அது சரியா, இல்லை அக்கா ஒருத்தியின் பார்வையிலேயே நின்றிருக்க வேண்டுமா? பெரியப்பாவின் இளமைக்காலம் அறுபது பக்கம் ஓடுகிறது. அது கதையைத் தாங்குகிறதா, இழுத்துப் பிடித்து நிறுத்துகிறதா? பேச்சு முழுக்கக் கொங்குத் தமிழ். "போகோணும்", "வாங்கோணும்", "சொல்றனுங்" என்று பக்கம் பக்கமாக வருகிறது. தஞ்சாவூரிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து படிப்பவருக்கு அது ருசியா, தடையா?

இதற்குப் பதில் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். நாவலை முழுதாக, ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துவிட்டு, பென்சிலோடு எதிரே உட்காருகிற ஒருவர். தமிழில் அந்த ஆள் எங்கே இருக்கிறார்?

நண்பர்களுக்குப் பிடிஎஃப் அனுப்பினேன். "சூப்பர்", "நல்லா இருக்கு", "வேற லெவல்" என்று பதில் வந்தது. ஒருவர் கட்டைவிரல் மட்டும் அனுப்பினார். ஏற்கெனவே இரண்டு மூன்று புத்தகம் போட்ட ஒருவர், "பிரமாதம் தம்பி, வெளிவரட்டும், விழாவுல பேசறேன்" என்றார். எந்த இடம் பிரமாதம் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. இந்த 'நல்லா இருக்கு' என்கிற பதிலைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. திட்டியிருந்தால்கூட எங்கே திட்டினார் என்று பார்த்து அந்த இடத்தைத் திருத்தலாம். 'நல்லா இருக்கு'வை வைத்துக்கொண்டு ஒரு காற்புள்ளியைக்கூட நகர்த்த முடியாது.

நான் பகலில் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு சாதாரண டி-ஷர்ட் என்ன பாடுபடுகிறது தெரியுமா? துணி வந்ததும் ஓட்டை, கறை, நிற வேறுபாடு பார்க்கிறார்கள். தைக்கும்போதே லைனில் ஒருவர் பார்க்கிறார். தைத்தபின் பிசிர் வெட்டுகிறார்கள், செக்கிங் டேபிளில் விரித்துத் தையலைத் திருப்பிப் பார்க்கிறார்கள், அயனிங் ஆனபின் அளவெடுக்கிறார்கள். கடைசியில் சரக்கு வாங்குகிற பையர் அனுப்புகிற இன்ஸ்பெக்டர் வந்து, கட்டிவைத்த பெட்டியைப் பிரித்து, தோள் தையல் அரை சென்டிமீட்டர் கூட என்று சொல்லி லாட்டையே நிறுத்திவைக்கிறார். சில மாதம் போட்டுக் கிழிந்து போகிற பனியனுக்கு இவ்வளவு! தேசிய நூலகத்துக்குப் போய் நூறு வருஷம் அலமாரியில் இருக்கப்போகிற நாவலுக்கு ஒரே ஒரு செக்கிங் கூடக் கிடையாது.

இதன் பலனை வாசகராக நான் அனுபவிக்கிறேன், நீங்களும் அனுபவிக்கிறீர்கள். ஒன்பதாம் அத்தியாயத்தில் காரியம் முடிந்த மாமனார் பதினான்காம் அத்தியாயத்தில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். நாயகியின் ஊர் பாதியில் மாறுகிறது. எமர்ஜென்சி காலத்துப் பையன் மிஸ்டு கால் கொடுக்காத குறைதான். முதல் முப்பது பக்கம் ஊர் வர்ணனை, குலதெய்வ வரலாறு, மழை. கதை முப்பத்தோராம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. யாராவது ஒருவர் "இந்த முப்பதையும் எடுத்துடுங்க" என்று சொல்லியிருந்தால் அது நல்ல நாவல். சொல்ல ஆள் இல்லாததால் அது நாம் முப்பதாம் பக்கத்தில் மூடிவைத்த நாவல். எழுதியவருக்குத் திறமை இல்லை என்று நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பல புத்தகங்களின் உள்ளே இருநூறு பக்க அருமையான நாவல் ஒன்று மூச்சுத்திணறிக் கிடக்கிறது.

அப்படியே யாராவது ஒருவர் பார்த்தாலும் தப்பான இடத்தில்தான் பார்ப்பார். எனக்குத் தெரிந்த ஒரு பெண் எழுத்தாளருக்கு நடந்தது இது. மெய்ப்பு பார்த்தவர், உரையாடலில் வந்த "போகோணும்" எல்லாவற்றையும் "போக வேண்டும்" என்று திருத்திவிட்டார். களத்துமேட்டில் நிற்கிற கிழவி செய்தி வாசிப்பவர் மாதிரி பேசுகிறாள். ஒரே சம்பவம் இரண்டு அத்தியாயத்தில் இரண்டு விதமாக வருவதை அவர் பார்க்கவே இல்லை. பார்ப்பது அவர் வேலையும் இல்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, ஒரு வாரத்தில் முடி என்று சொன்னால் அவர்தான் என்ன செய்வார்?

அந்த அவசரம் எங்கிருந்து வருகிறது? ஜனவரியிலிருந்து. 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியால் தமிழ்ப் பதிப்பு பிழைத்தது, அதை மறுக்கவில்லை. நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்துக் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கும் நெஞ்சு நிறையும். ஆனால் வருஷம் முழுக்க நடக்க வேண்டிய வேலையை அந்த ஒரு மாதம் விழுங்கிவிடுகிறது. நவம்பரில் ஃபைல், டிசம்பரில் லேஅவுட், கிறிஸ்துமஸ் சமயத்தில் அச்சு, மை காயாமல் அரங்குக்கு. 'புதிய வெளியீடு' பட்டியலில் இத்தனை தலைப்பு என்று காட்ட வேண்டும். ஐம்பது, நூறு பிரதி மட்டும் அடிக்கிற வசதி வந்தபிறகு இது இன்னும் மோசம். முன்பு ஆயிரத்து இருநூறு பிரதி அடித்துக் கிடங்கில் போட வேண்டும் என்ற பயமாவது ஒரு பதிப்பாளரைக் கைப்பிரதியைப் படிக்கவைத்தது. இப்போது பயமே இல்லை. விற்றால் இன்னும் ஐம்பது, விற்காவிட்டால் நட்டம் எழுத்தாளருக்கு.

பணம் இல்லை என்பார்கள். கணக்கு எனக்கும் தெரியும். நாவல் விலை 400 ரூபாய், 300 பிரதி என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே விற்றால் 1,20,000. கடைக்கழிவு 35 சதவீதம் போனால் 78,000. தாளும் அச்சும் பிரதிக்கு 120 என்றால் 36,000. ராயல்டி 10 சதவீதம் என்று ஒழுங்காகக் கொடுத்தால் 12,000. மீதி 30,000-இல் லேஅவுட், அட்டை, அரங்க வாடகை, லாரி, ஊழியர் சம்பளம். நானூறு பக்கத்தை நாளுக்குப் பத்துப் பக்கம் என்று கவனமாகப் படித்தால் ஒருவருக்கு நாற்பது நாள் வேலை. அவருக்கு எங்கிருந்து கொடுப்பது? நியாயமான கேள்வி. சிறிய பதிப்பாளர்கள் பலர் கைக்காசு போட்டுத்தான் நடத்துகிறார்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் அதே புத்தகத்தின் வெளியீட்டு விழாவுக்கு ஏசி ஹால் எடுக்கப் பணம் இருக்கிறதே, அது எப்படி? பேனர், பொன்னாடை, நினைவுப் பரிசு, கேசரி, காபி, வெளியூர்ப் பேச்சாளருக்கு ரூம், வீடியோ எடுப்பவருக்குக் காசு. அத்தனையும் எழுத்தாளர் பாக்கெட்டிலிருந்துதான். மேடையில் ஏழு பேர் பேசுவார்கள். நாலு பேர் வரும் வழியில் காரில் புரட்டிப் பார்த்திருப்பார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர், ஆறு மாதம் முன்னால், தனி அறையில், அந்த நாவலைப் பற்றி அரை மணி நேரம் உண்மை பேசியிருந்தால் போதுமே! செலவே இல்லாத வேலை அது.

எழுத்தாளர்களையும் விடமாட்டேன். "என் எழுத்துல யாரும் கை வைக்கக் கூடாது" என்று மீசை முறுக்குவது நம்மிடம் ஒரு வியாதி. எழுத்து தானாக ஊற்றெடுக்கும், ஒரு சொல்லை மாற்றினாலும் புனிதம் கெட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை. எங்கிருந்து வந்தது அது? அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ 1957-இல் பதிப்பகத்துக்குக் கொடுத்த கைப்பிரதி, வளர்ந்த ஒரு பெண் சொந்த ஊருக்குத் திரும்பி வருகிற கதை. டே ஹோஹாஃப் என்ற எடிட்டர் அம்மா அதைப் படித்துவிட்டு அப்படியே அச்சுக்கு அனுப்பவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் லீயை உட்காரவைத்துத் திரும்பத் திரும்ப எழுதவைத்தார். கதை சிறுமியின் கண்ணுக்கு மாறியது. 1960-இல் வந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' அப்படி வந்த புத்தகம்தான். பழைய கைப்பிரதியும் 2015-இல் தனிப் புத்தகமாக வந்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள், எடிட்டர் என்ன செய்வார் என்பது தெரியும். நாவலை அந்த அம்மா எழுதவில்லை. லீதான் எழுதினார். ஆனால் எங்கே நின்று எழுத வேண்டும் என்று சொல்ல ஒரு ஆள் இருந்தார்.

நமக்கு வராத வழக்கமா இது? நம்மிடமும் ஒருவர் இருந்தார். 1974-இல் 'க்ரியா' பதிப்பகத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணன். எழுத்தாளரோடு உட்கார்ந்து வரி வரியாகப் பேசி, நாள் கணக்குப் பார்க்காமல் ஒரு கைப்பிரதியைச் செம்மையாக்குவதைத்தான் அவர் பதிப்பு வேலை என்று நினைத்தார். தற்காலத் தமிழுக்கு 1992-இல் அகராதி கொண்டுவந்த அதே கவனம். 2020 நவம்பரில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. எல்லோரும் அஞ்சலிக் குறிப்பு எழுதினோம், 'எடிட்டிங்கின் அவசியம்' என்று கட்டாயம் ஒரு பத்தி வைத்தோம். அப்புறம்? அந்த வேலையைக் கற்றுக்கொடுக்க ஒரு படிப்பு வந்ததா, ஒரு பயிற்சி வந்ததா? நாவல் எழுதச் சொல்லித்தரும் ஆன்லைன் வகுப்பு மட்டும் தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. முப்பது நாளில் நாவலாம். எழுதிக் குவிக்கத்தான் எங்களுக்குத் தெரியுமே, அதில் எதை எடுக்க வேண்டும் என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை.

அங்கங்கே சில பேர் இந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். தமிழ் ஆசிரியர்கள், பத்திரிகையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள். நட்புக்காக, ஒரு காபிக்காக. புத்தகம் வந்தால் நன்றியுரையின் கடைசி வரியில் 'மேலும் உதவிய நண்பர்கள்' என்பதற்குள் அவர்கள் கரைந்து போகிறார்கள். அட்டை வடிவமைத்தவர் பெயர் இருக்கிறது, லேஅவுட் பெயர் இருக்கிறது, அச்சகத்தின் தெரு முகவரி வரை இருக்கிறது. நாற்பது நாள் கண்ணைக் கொடுத்தவர் பெயர் இல்லை. பெயரும் இல்லாமல் கூலியும் இல்லாமல் இருந்தால் அடுத்த தலைமுறையில் யார் இந்த வேலைக்கு வருவார்கள்?

நான் முடிவு செய்துவிட்டேன். இந்த ஜனவரிக்கு என் நாவல் வராது. அடுத்த ஜனவரிக்கும் வராமல் போனால் போகட்டும். விழாவுக்கு என்று சீட்டுப் போட்டு வைத்திருந்த பணம் அப்படியே இருக்கிறது. ஹாலுக்குப் போக வேண்டிய அந்தப் பணம், இந்த நாவலைப் படித்துவிட்டு எந்தெந்தப் பக்கம் போக வேண்டும், அக்காவா தம்பியா பெரியப்பாவா என்று காரணத்தோடு சொல்கிறவருக்கு. அவர் பெயர் பதிப்புரிமைப் பக்கத்தில் என் பெயருக்கு நேர் கீழே வரும். பெரியப்பாவின் அறுபது பக்கத்தை வெட்டச் சொன்னால் நான் சண்டை போடுவேன், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சண்டைக்குத் தயாராக யாராவது இருந்தால் கைப்பிரதியை இன்றைக்கே அனுப்புகிறேன்.