வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்?

கால் கிலோ சின்ன வெங்காயம். உரித்து முடிப்பதற்குள் கண்ணாடியே மங்கிவிட்டது. எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, சுண்டைக்காய் வற்றலை நல்லெண்ணெயில் கருகவிடாமல் வறுத்து, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை முக்கால் மணி நேரம் அடுப்படியில் நின்றேன். சாப்பிட உட்கார்ந்த மூன்று பேரும் மூச்சுவிடவில்லை. அவர் டிவியைப் பார்க்கிறார். மகள் போனைப் பார்க்கிறாள். மாமியார் அப்பளத்தைப் பார்க்கிறார்.

வெட்கத்தை விட்டு நானே கேட்டேன்: "வத்தக்குழம்பு எப்படி இருக்கு?"

"ம்."

அது நல்ல ம்-மா, கெட்ட ம்-மா? இல்லை, காதில் விழுந்தது என்கிற ம்-மா? 18 மெய்யெழுத்தில் ஒன்றே ஒன்று, அதுதான் எனக்குக் கூலி. கூட ஒரு உயிரெழுத்தைச் சேர்த்துச் சொன்னால் சொத்தா கரைந்துவிடும்?

போன வாரம் ரசத்தில் ஒரு சிட்டிகை உப்பு குறைந்தது. அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அத்தனை பேச்சு! பட்டிமன்றம் தோற்றது போங்கள். நடுவர் வேறு யார், மாமியார்தான். கல்யாண வீட்டுக்குப் போனால் இதே மனிதர் கைகூடக் கழுவாமல் சமையல்காரரைத் தேடிப் போய், "சாம்பார் பிரமாதம்ணே" என்கிறார். அந்த அண்ணனுக்குச் சம்பளமும் உண்டு, பாராட்டும் உண்டு.

சரி, சட்டியை எட்டிப் பார்த்தால் வழித்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள். ராத்திரி தோசையைப் போட்டதும் கேள்வி வருகிறது: "மதியக் குழம்பு மிச்சம் இல்லையா?"

"ம்" என்றேன்.