ஊர்ப்பாசம் மட்டும் இல்லை
2024 அமெரிக்கத் தேர்தலின்போது துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டியதும் தர்ம சாஸ்தா கோயிலில் அபிஷேகம் செய்ததும் வெறும் ஊர்ப்பாசம், கமலா ஹாரிஸ் அதிபராக வேண்டும் என்று விரும்பியதற்கு டெல்டாக்காரர்களிடம் வேறு காரணமே இல்லை என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. நான் மன்னார்குடிப் பக்கம்தான். பாசம் இருக்கிறது, சரி. கமலாவின் தாத்தா பி.வி.கோபாலனின் ஊர் துளசேந்திரபுரம். 2020 ஜனநாயகக் கட்சி மாநாட்டு மேடையில் கமலா ‘சித்தி’ என்று சொன்னபோது அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் என் காரணம் வேறு. கஜா புயலில் தென்னை எல்லாம் சாய்ந்த மறுவருடம், அப்பாவின் கடனுக்காக ஒரு வங்கி எங்கள் வாசல் கதவில் ஏல நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனது. அப்பா அதைக் கிழிக்கவும் இல்லை, படிக்கவும் இல்லை. பசை காயும்வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். 2008 நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அதே நிலைமை. அப்போது கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலாக, அதாவது மாநில அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த கமலா, வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு நிவாரணமாக ஐந்து பெரிய வங்கிகள் தர முன்வந்த தொகை போதாது என்று 2011இல் பேச்சுவார்த்தையிலிருந்தே எழுந்து போனார். 2012இல் அந்த மாநிலத்துக்கு முடிவானது சுமார் 1,800 கோடி டாலர் நிவாரணம். அடுத்த வருடமே வீட்டுக் கடன் வாங்கியவர்களைக் காக்கும் சட்டமும் அங்கே அமலுக்கு வந்தது. போன வீடுகள் எல்லாம் திரும்பி வரவில்லை, அதுவும் உண்மைதான். 2024 நவம்பர் 5 அன்று நடந்த அந்தத் தேர்தலில் எனக்கு ஓட்டு கிடையாது. டெக்சாஸில் இருக்கும் அக்கா மகனுக்கு இருந்தது. அவனிடம் நான் போனில் சொன்னது இந்த வங்கிக் கதையைத்தான், கோயில் கதையை இல்லை.