பாஃப்டா: நான் முதலில் படிப்பது தோற்றவர்கள் பட்டியலை

பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டாவின் விழா முடிந்த மறுநாள் நம் செய்தித்தாள்களில் வெற்றியாளர் பெயர்கள் மட்டும் வருகின்றன. அந்த வெண்கல முகமூடி யார் கைக்குப் போனது என்பதோடு செய்தி முடிந்துவிடும். நான் தேடிப் படிப்பது பரிந்துரைப் பட்டியலை. அந்த ஆண்டு யாரையெல்லாம் ஒரு பொருட்டாக மதித்தார்கள் என்பது அதில்தான் தெரிகிறது.

2020 பட்டியல் இன்னும் என் மனதை அறுக்கிறது. நடிப்புக்கு நான்கு பிரிவுகள், பிரிவுக்கு ஐந்து என இருபது இடங்கள். இருபதிலும் வெள்ளையர்கள். துணை நடிகைப் பிரிவில் மார்கோ ராபிக்கு மட்டும் இரண்டு இடம். ஸ்கார்லெட் ஜோஹான்சனுக்குச் சிறந்த நடிகைப் பிரிவில் ஒன்று, துணை நடிகைப் பிரிவில் இன்னொன்று. ஒருவருக்கே இரண்டு நாற்காலி போட இடமிருந்த பந்தியில், ‘அஸ்’ படத்தில் இரட்டை வேடத்தில் குலை நடுங்க வைத்த லுபிடா நியோங்கோவுக்கு இலைகூடப் போடவில்லை. இயக்குநர் பிரிவில் ஐந்து பேரும் ஆண்கள். பொதுமக்கள் வாக்களிக்கும் வளரும் நட்சத்திரம் விருது மட்டும் ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த மைக்கேல் வார்டுக்குக் கிடைத்தது. ‘ஜோக்கர்’ படத்துக்காகச் சிறந்த நடிகர் விருதை வாங்கிய வாக்கின் ஃபீனிக்ஸ், வெள்ளையர் அல்லாதவர்களுக்கு இங்கே வரவேற்பில்லை என்றே நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று மேடையிலேயே வெட்கப்பட்டுப் பேசினார்.

அதன்பின் பாஃப்டா விதிகளை மாற்றியது. நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றங்கள். நடிப்பு, இயக்கம் ஆகிய பிரிவுகளில் ஐந்து இடம் ஆறானது. இறுதிப் பட்டியலைத் தேர்வு செய்வதில் நடுவர் குழுக்களுக்குப் பங்கு வந்தது. என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறொரு விதி. முதல் சுற்றில் வாக்களிக்கும் ஒவ்வோர் உறுப்பினருக்கும் பதினைந்து படங்கள் ஒதுக்கப்படும். அவற்றைப் பார்த்த பிறகுதான் வாக்களிக்கலாம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குறும்படப் போட்டியில் மூன்று நடுவர்களில் ஒருத்தியாக இருந்தேன். நாற்பது படங்கள். கடைசி நாளன்று என் பக்கத்தில் இருந்தவர் மதிப்பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தெரிந்த பெயர்களுக்கு நேரே எட்டும் ஒன்பதும் போட்டார். மீதிப் பெயர்களுக்கு வரிசையாக ஐந்து, ஐந்து, ஐந்து. அந்தப் படங்களை அவர் திறந்தே பார்க்கவில்லை. அவற்றில் ஒன்றை எடுத்த பெண் அரங்கத்தின் பின்வரிசையில் தன் அம்மாவுடன் உட்கார்ந்திருந்தாள். அந்த ஐந்துகள் எனக்கு இன்றும் உறுத்துகின்றன.

பாஃப்டாவில் மாற்றம் அடுத்த ஆண்டே தெரிந்தது. 2021இல் நடிப்புப் பிரிவுகளின் 24 பரிந்துரைகளில் 16 வெள்ளையர் அல்லாதவர்களுக்கு. ‘தி ஒயிட் டைகர்’ படத்தின் ஆதர்ஷ் கௌரவ், சிறந்த நடிகர் பட்டியலில் ஆந்தனி ஹாப்கின்ஸுக்குப் பக்கத்தில் நின்றார். இயக்குநர் பிரிவில் ஆறு பேரில் நால்வர் பெண்கள். கிழக்கு லண்டன் பள்ளிச் சிறுமிகளைப் பற்றிய ‘ராக்ஸ்’ என்ற சிறிய படம், ‘நோமட்லேண்ட்’ படத்துக்குச் சமமாக ஏழு பரிந்துரைகளைப் பெற்றது.

‘ராக்ஸ்’ படத்தைத் தயவுசெய்து பாருங்கள். பள்ளிச் சிறுமி ஒருத்தியின் அம்மா கொஞ்சம் பணத்தையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டு வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். தம்பியையும் தன்னையும் அதிகாரிகள் பிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில், அந்தப் பெண் அவனையும் இழுத்துக்கொண்டு வீடு வீடாக ஒளிகிறாள். நாயகி புக்கி பக்ரேயும் தோழியாக வரும் கோசர் அலியும் அதற்குமுன் படத்தில் நடித்தவர்கள் அல்லர். பள்ளிகளில் பயிற்சிப் பட்டறை நடத்திக் கண்டெடுக்கப்பட்ட பிள்ளைகள். இருவருமே பரிந்துரைக்கப்பட்டார்கள். பதினெட்டு வயது பக்ரே வளரும் நட்சத்திரம் விருதையும் வென்றார். தோழிகளோடு வாய்விட்டுச் சிரித்தபடி வந்த பெண் தன் வீட்டுக் கதவைத் திறந்ததும் சட்டென்று தாயாக மாறுகிற அந்த முகத்தை எத்தனை பேர் பார்க்காமலே கடந்திருப்பார்கள் என்று நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது.

நடுவர் குழு முறையால் தகுதியானவர்கள் விடுபட்டார்கள் என்கிறார்கள். உண்மைதான். ‘ப்ராமிசிங் யங் வுமன்’ படத்தில் கேரி மல்லிகனின் நடிப்பு பட்டியலுக்கு வராதது எனக்கும் வலித்தது. 2023இல் வெற்றியாளர் அத்தனை பேரும் வெள்ளையர்களாகவே இருந்தார்கள் என்பதையும் மறுக்கவில்லை. 2025 விழா வரை சிறந்த இயக்குநர் விருது வாங்கிய பெண்கள் கேத்ரின் பிகலோ, க்ளோயி ஜாவ், ஜேன் கேம்பியன் என மூவர்தான். அந்த ஆண்டுப் பட்டியலிலும் ஆறு பேரில் ஒரே ஒரு பெண். இதற்காகப் பழைய முறைக்கே திரும்ப வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியாது.

அதே 2025இல் சிறந்த பிரிட்டிஷ் அறிமுகப் படைப்பாளிகளுக்கான பிரிவைப் பாருங்கள். வென்றது ‘நீகேப்’. விருது கிடைக்காத நான்கில் மூன்று படங்களின் கதை இந்தியாவில் நடக்கிறது. தேவ் படேலின் ‘மங்கி மேன்’, கரண் கந்தாரியின் ‘சிஸ்டர் மிட்நைட்’, சந்தியா சூரியின் ‘சந்தோஷ்’. கணவன் இறந்தபின் அவனுடைய கான்ஸ்டபிள் வேலையை ஏற்கும் ஒரு வட இந்தியப் பெண்ணின் கதை ‘சந்தோஷ்’. அடுத்த மாதமே நம் தணிக்கை வாரியம் அதை இங்கே வெளியிட விடாமல் தடுத்துவிட்டது. அப்படி ஒரு படம் இருப்பதே எனக்கு அந்தப் பட்டியலைப் படித்துத்தான் தெரிந்தது.